உச்சிமாகாளியின் இரண்டாவது ரத்தம்

கடவுள் புத்தியைப் பங்குவைத்த அன்று, உச்சிமாகாளியின் மூன்று மகன்களும் யார் முறை முதலில் என்று வாதாடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அதற்குள் அண்டா காலியாகிவிட்டது. மற்றபடி நல்ல பையன்கள். பையன்கள் என்றா சொன்னேன்? மூத்தவன் பூதப்பாண்டிக்குப் பேரன் இருக்கிறான். நடுவுளவன் நயினாருக்குத் தலை முழுக்க நரை. இளையவன் இசக்கியப்பனுக்குப் பல் கட்டியாகிவிட்டது.

கீழப்புளியடியில் மூவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. அப்பாவை மூவரும் முறைவைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு மாதம். ஒன்றாம் தேதி காலையில் கிழவர் தன் தலையணையோடு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அன்றைய காலைச் சாப்பாடு அனுப்புகிறவன் பொறுப்பா, வாங்குகிறவன் பொறுப்பா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதனால் ஒன்றாம் தேதி காலையில் கிழவர் பட்டினி.

அப்படி ஒரு ஒன்றாம் தேதிதான், பூதப்பாண்டி வீட்டிலிருந்து நயினார் வீட்டுக்குப் போகிற வழியில், நடுச்சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெஞ்சை அடைத்தது. வேர்த்துக் கொட்டியது.

"அய்யாவுக்கு என்னமோ பண்ணுது. இது உன் மாசம்டே," என்றான் பூதப்பாண்டி.

"எப்படி? கால் இன்னும் உன் வாசல்ல கெடக்கு," என்றான் நயினார்.

இசக்கியப்பன் நடுநிலையானவன். "வலி நெஞ்சுல. நெஞ்சு யாரு பக்கம் இருக்கோ, அவன் பொறுப்பு," என்று தீர்ப்புச் சொன்னான்.

பார்த்தார்கள். இதயம் இடதுபுறம், இடதுபுறம் நயினார் வாசல். நயினார் குனிந்து, "அய்யா, கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க," என்றான். கிழவர் திரும்பினார். உடனே பூதப்பாண்டி வந்து மறுபடி திருப்பினான். இப்படிச் சுவரடியில் அவரைச் செக்குமாடு மாதிரிச் சுற்ற விட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து, மூன்று பேரையும் ஏசிவிட்டுக் கிழவரைத் தூக்கி வண்டியில் போட்டார். இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தார். "இதுல தெளிவாத் தெரியலை. ரத்தம் பார்க்கணும். இதயத்துக்கு அடி பட்டா ரத்தத்துல ஒரு சத்து கசியும். வயசானவங்களுக்கு அது எப்பவுமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதனால இப்ப ஒரு தடவை, மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்போம். ஏறியிருந்தா மாரடைப்புதான். அதுவரைக்கும் அவர் மனசு கலங்குற மாதிரி எதுவும் சொல்லிடாதீங்க."

"காலையில சாப்பிட்டாரா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஒண்ணாந்தேதிலா!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில், கொஞ்சம் பெருமையாகவே.

முதல் ரத்தம் எடுத்தார்கள். இசக்கியப்பன் கட்டிலருகே போய், "அய்யா, மாரடைப்பா இருக்கலாம்னு உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதனால நாங்க யாரும் சொல்ல மாட்டோம். நீங்க தைரியமா இருங்க," என்று ஆறுதல் சொன்னான். கிழவருக்கு இன்னொரு தடவை வேர்த்தது.

பிறகு மூவரும் வராந்தாவில் கூடினார்கள்.

"அய்யாவை ரெண்டு தடவை குத்துதது பாவம்," என்றான் பூதப்பாண்டி. "முதல் ரத்தம் என் மாசத்துப் பாக்கின்னு வச்சிக்கிடுவோம். ரெண்டாவது யாரு முறை?"

"என் முறைதான். நான் ஒண்ணும் ஓடி ஒளியலையே," என்றான் நயினார். "என் உடம்புல ஓடுததும் அவரு ரத்தம்தான? நான் குடுக்கேன்."

இவ்வளவு பாசமான பேச்சை அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்குமுன் பேசியதில்லை. மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

நேரம் வந்தபோது கிழவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த ஷிப்டுக்கு வந்த புது சிஸ்டர், கட்டிலில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, "உச்சிமாகாளியா?" என்று கேட்டார். "அவரு ரத்தம்தான், எடுங்க," என்று நயினார் கையை நீட்டினான்.

முடிவு வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "முதல்ல அவ்வளவு இருந்தது, இப்ப ஒண்ணுமே இல்லையே!"

"பாத்தீங்களா? என் முறை வந்ததும் குணமாயிட்டு," என்றான் நயினார்.

இசக்கியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, என் ரத்தத்தையும் எடுங்க. இன்னும் குறையும்."

டாக்டரம்மா, ஸ்கேனிலிருந்து திரும்பியிருந்த கிழவரின் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். ஒரே ஒரு ஊசித்தடம். நயினார் முழங்கையில் பஞ்சு. அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் எழுத முடியாது. மூவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, கிழவரிடமே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எகிறியிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி, அடைப்பை எடுத்து, ஆளைக் காப்பாற்றினார்கள்.

கண் விழித்த உச்சிமாகாளியிடம் சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். "உங்க மகன் ரத்தத்துல ஒண்ணுமே இல்லைன்னு வந்துச்சு தாத்தா."

"அது எனக்கு அவன் பொறந்தப்பவே தெரியும் தாயி," என்றார் கிழவர்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. டாக்டரம்மா கூப்பிட்டு, "யார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். மூவரும் மறுபடி வராந்தாவில் கூடினார்கள். வெகுநேரம் குசுகுசுவென்று பேசிவிட்டு, பூதப்பாண்டி முன்னால் வந்து கைகூப்பினான்.

"டாக்டரம்மா, நாங்க நியாயத்துக்குக் கட்டுப்பட்டவங்க. அய்யா ரத்தம் எங்க மூணு பேருகிட்டதான் இருக்குன்னு இதுநாள் வரைக்கும் நெனச்சிருந்தோம். இப்ப உங்ககிட்டயும் குழாய் குழாயா இருக்கு. அப்ப நீங்களும் பங்காளிதான? அதனால இந்த மாசம் உங்க முறை."

உள்ளே உச்சிமாகாளி தலையணையைத் தட்டிச் சரிசெய்து சாய்ந்துகொண்டு, மத்தியானம் என்ன குழம்பு என்று சிஸ்டரிடம் விசாரித்தார்.

மூவரும் வாசல்வரை போய்விட்டார்கள். நயினார் மட்டும் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தான்.

"மாசம் பூரா நல்லாக் கவனிச்சுக்கிடுங்க. ஒண்ணாந்தேதி காலையில மட்டும் சாப்பாடு குடுத்துராதீங்க. அது எங்களுக்குள்ள இன்னும் வழக்குல கெடக்கு."