ஒற்றை ஊசியும் இரண்டு இருக்கைகளும்

புதிர் என்றதும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தப் புதிரில் ஒருத்தி ஏணிமேல் நிற்கிறாள், அவளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இருந்தாலும் நிதானமாகவே சொல்கிறேன்.

கோவைக்கு வெளியே ஒரு விமானக் காட்சியகம். பழைய போர்விமானங்களைப் புதுப்பிக்கும் வேலைக்கு அங்கே தலைவி கோமளா. அவள் அப்பா சென்னியப்பன் விமானப்படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் அவர் ஓட்டிய பயிற்சி ஜெட் ஒன்று, எங்கோ துருப்பிடித்துக் கிடந்து, கடைசியில் மகள் கைக்கே வந்து சேர்ந்தது. அதில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள்.

சாதாரண இருக்கைகள் அல்ல. ஆபத்து வந்தால் ஆளோடு வெளியே பாய்பவை. முதுகுப்புறக் குழாயில் வெடி இருக்கும். கால்களுக்கு நடுவே கறுப்பு மஞ்சள் பட்டை போட்ட கைப்பிடி, இழுத்தால் வெடிக்கும். முன்னிருக்கையில் இழுத்தால் இரண்டு இருக்கைகளும் பாயும். பின்னிருக்கையில் இழுத்தால் அது மட்டும் பாயும். தரையில் நிற்கும்போது யாரும் தவறி இழுத்துவிடக் கூடாதென்று, ஒவ்வொரு கைப்பிடியிலும் சிவப்பு நாடா கட்டிய ஊசி ஒன்றைச் செருகி வைப்பார்கள். ஊசி பூட்டுவது அந்தக் கைப்பிடியை மட்டும்தான், வெடியை அல்ல. இதை மறந்துவிடாதீர்கள்.

கோமளாவின் ஆட்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பறந்தபோது விமானம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பறக்கிற விமானத்தில் ஏது சிவப்பு நாடா? இரண்டு ஊசிகளையும் உருவினார்கள். அதோடு விட்டார்களா? மெருகு போட்டு, வெல்வெட் பெட்டியில் வைத்து, திறப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினருக்கு ஒன்றைப் பரிசாகவும் கொடுத்தார்கள். அந்தப் புண்ணியவான் அதை வாங்கிக்கொண்டு கார் ஏறிப் போய்விட்டார். மற்றொன்று வரவேற்பு மேசையில் கிடந்தது.

வெடிகளை எடுத்தாயிற்றா? இருக்கைகளைக் கழற்றியவர்கள், திரும்பப் பொருத்துகிறவர்கள் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். பொருத்தியவர்கள், கழற்றியவர்களே எடுத்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கோமளா இரண்டு தரப்பையும் நம்பினாள்.

விழாக் கூட்டம் கலைந்ததும் சென்னியப்பன் தன் பேத்தியை, கோமளாவின் மகள் தாரிகாவைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துப் பட்டைகளை இறுக்கி மாட்டினார். பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்தார். பழக்கத்தில் அவர் கைகள் கைப்பிடியில் போய்ப் படிந்தன. படமெடுப்பவர் விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்று, பொறுக்கச் சொல்வதுபோல் இரண்டு கைகளையும் தூக்கினார். சென்னியப்பனின் கைகளும் சட்டென்று தலைக்கு மேல் போயின. எல்லோரும் சிரித்தார்கள்.

"அடியில ஆள் வேலை செய்யறப்ப, முன்னாடி நிக்கறவன் இப்படித்தான் கையைத் தூக்குவான். எதையும் தொடலைன்னு நாங்களும் தூக்கிக் காட்டோணும்," என்றார் அவர். "இந்த வயசுலயும் தானா மேல போயிருது பாருங்க."

படம் எடுத்து முடிந்தது. கைகள் பழையபடி கைப்பிடிக்கே வந்தன.

கோமளா ஏணியில் ஏறி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நின்று எட்டிப் பார்த்தாள். பின்னிருக்கையின் வெடிக் குழாயில் முத்திரை உடையாமல் இருந்தது. முன்னிருக்கையிலும் அப்படியே. தலைக்கு மேலே கூரையின் இரும்பு உத்தரங்கள். கத்த நினைத்தாள், பயத்தில் அடக்கிக்கொண்டாள். தாரிகா திடுக்கிட்டால் கையில் இருப்பதை வெடுக்கென்று இழுக்கிற குழந்தை. அவள் கையில் இப்போது இருந்தது கைப்பிடி.

கீழே நின்ற கணவன் குமரவேலிடமும் காட்சியக இயக்குநர் நமசிவாயத்திடமும் குனிந்து, "ரெண்டுலயும் வெடி இருக்கு," என்று கிசுகிசுத்தாள். குமரவேல் ஓடிப்போய் மேசையிலிருந்த ஊசியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

"அப்புச்சி, இழுக்கட்டுமா?" என்றாள் தாரிகா.

மகளின் வேலைமேல் சென்னியப்பனுக்கு அவ்வளவு நம்பிக்கை. "இரு கண்ணு. மூணு எண்ணுனதும் ரெண்டு பேரும் சேர்ந்து இழுக்கலாம்," என்றார்.

"முன்னாடி போடுங்க மேடம்," என்றார் நமசிவாயம், குரல் எழும்பாமல். "முன்னாடி இழுத்தா ரெண்டு உசுரு."

"பின்னாடி போடு கோமளா. பாப்பா அங்கதான இருக்கா," என்றான் குமரவேல்.

"ஒண்ணு," என்றார் சென்னியப்பன்.

ஊசி ஒன்றுதான் இருக்கிறது. சத்தம் போட முடியாது. அப்பாவிடம் கிசுகிசுத்தாலும் என்னவென்று உரக்கக் கேட்பார், குழந்தை திடுக்கிடும். பட்டைகளை அவிழ்க்க நேரமில்லை. குழந்தையின் கையைப் பிடுங்கினால் கைப்பிடியும் சேர்ந்து வரும். அப்பா ஒரு பக்கம், பெற்ற பெண் ஒரு பக்கம். இதில் யார் சொன்னது சரி? கோமளா ஊசியை எந்த இருக்கையில் செருக வேண்டும்?

*

விடை: பின்னிருக்கையில். ஆனால் குமரவேல் சொன்ன காரணம் போதாது. பின்னால் மட்டும் பூட்டிவிட்டு நின்றிருந்தால், மூன்று என்றதும் முன்னால் இழுத்த இழுப்பில் பாப்பாவும் போயிருப்பாள். நமசிவாயத்தின் கணக்கில் பிழையில்லை. ஆனால் குழந்தையின் கையைத் தடுக்க ஊசியைத் தவிர வேறு வழி கிடையாது. பெரியவர் கையைத் தடுக்கச் சத்தமில்லாத வழி ஒன்று இருந்தது. "முன்னாடி போய்க் கையைத் தூக்குங்க," என்று கணவனிடம் உதட்டை மட்டும் அசைத்தாள் கோமளா. அவன் மூக்குக்கு முன்னால் ஓடி நின்று இரண்டு கைகளையும் தூக்கினான். "ரெண்டு" என்று சொல்லும்போதே சென்னியப்பனின் கைகள் மேலே போய்விட்டன. அதே நேரம் ஊசி பின்னால் இறங்கியது. தாரிகா இழுத்துப் பார்த்தாள். கைப்பிடி அசையவில்லை. இருவரையும் கீழே இறக்கும்வரை குமரவேல் தூக்கிய கைகளை இறக்கவே இல்லை.

மறுநாள் வெடிகளை எடுக்க வந்தவர்கள், பின்னிருக்கை வெடி ஈரத்தில் என்றோ செத்துப்போனது என்றும், முன்னிருக்கை வெடிக்குத்தான் உயிர் இருந்தது என்றும் சொன்னார்கள். அதனால் நமசிவாயம் சொன்னது சரியாகிவிடாது. ஏணிமேல் நிற்கும்போது அது யாருக்கும் தெரியாது. நான் எத்தனை முறை சொன்னாலும் கோமளாவின் நடுக்கம் தீரவில்லை. ஊசி இல்லாமல் அவள் விட்டுவைத்தது அப்பாவை. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மறுபடியும் எப்போது ஏறி உட்காரலாம் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.