புளியங்கொட்டைக் கம்ப்யூட்டர்

"எனக்குச் சொல்லித் தர ஆளே இல்லீங்க டீச்சர்."

கோகிலவாணி இதை மாடிப்படியில் நின்றே சொல்லிவிட்டாள். மேலே ஏறி, மூச்சு வாங்கி, அப்புறம் சொல்லும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை.

மொட்டைமாடியில் ஜெனிட்டா டீச்சர் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இந்த முனையப் பிடிங்கக்கா."

கோகிலவாணி பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

"நான் வராட்டி எப்படிங்க பிழிவீங்க?"

"ஒரு முனையக் கம்பியில கட்டிடுவேன்."

அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. "அடுத்த சனிக்கிழமை வாங்க" என்றதோடு சரி.

கோகிலவாணிக்கு இருபத்தொன்பது வயது. ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடும். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருபத்தொன்பது வயதில் ஆயா ஆனவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அங்கன்வாடி டீச்சருக்கு ஜூன் மாதம் ஓய்வு. அந்த இடத்துக்கு வர பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். கோகிலவாணி எல்லாப் பாடத்திலும் பன்னிரண்டு வருடம் முன்பே தேறியவள். கம்ப்யூட்டர் ஒன்றுதான் காலை வாரிவிட்டது. மார்ச்சில் தேறினால் அவள் டீச்சர். தவறினால் ஓய்வு பெறும்வரை ஆயா.

டியூசன் சென்டரில் கேட்டுப் பார்த்தாள். "பதினேழு வயசுப் பசங்களுக்கு நடுவுல நீங்க வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் அந்த சார். நல்லாத்தான் இருக்கும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

புருசன் போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்தான். இன்றைக்கு எந்த ஊரில் துளை போடுகிறான் என்பது அவனுக்கே ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். வீட்டில் அவளும் நாலு வயது தர்ஷிகாவும்தான். பாடத்தில் பைத்தான் என்றால் கம்ப்யூட்டர் மொழி; தர்ஷிகாவுக்குப் பைத்தான் என்றால் பாம்பு.

ஜெனிட்டா டீச்சர் நாகர்கோவில்காரி. வயது இருபத்து மூன்று. மேல்நிலைப் பள்ளிக்குத் தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சராக வந்தவள். நன்றாகச் சொல்லித் தருவாள் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை கோகிலவாணி தெம்போடுதான் போனாள். ஒரு புரோகிராமை முழுசாக மனப்பாடம் செய்திருந்தாள்.

"ஒப்பிங்க, பாப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். புள்ளி, கமா, அடைப்புக்குறி எதையும் விடவில்லை. பாதி தாண்டும்போது டீச்சர் கையைக் காட்டினாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"நூத்திப் பதிமூணுங்க."

"அது யாரு?"

"தெரியலீங்க. புக்குல இருக்குதுங்க."

"கேட்டுட்டு வாங்க."

"யாருகிட்டங்க?"

"நூத்திப் பதிமூணுகிட்டத்தான்."

அவ்வளவுதான். டீச்சர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

இறங்கி வரும்போது கோகிலவாணிக்கு ஆத்திரம். பஸ்ஸுக்கு நடந்தது, தர்ஷிகாவைப் பக்கத்து வீட்டில் கெஞ்சி விட்டது, எல்லாம் இதைக் கேட்கத்தானா?

நாலு நாள் அந்த எண்ணைப் பார்த்தபடியே இருந்தாள். கூட்டினாலும் வரவில்லை, கழித்தாலும் வரவில்லை. வியாழக்கிழமை அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டியபோது இன்னொரு புரோகிராமின் நடுவில் நூற்றிருபத்தொன்று உட்கார்ந்திருந்தது.

அவள் கை நின்றது.

அவளிடம் இருந்தது ஜெராக்ஸ் புத்தகம். பக்கம் முடியும் இடத்தில் பக்க எண். புரோகிராம் அடுத்த பக்கத்துக்குத் தாண்டும்போது, எண்ணும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்துவிட்டது. அவளும் அதைப் பக்தியோடு மனப்பாடம் செய்துவிட்டாள்.

தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. புருசனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் போர் மிஷின் கத்தியது.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்லீங்க."

"என்ன?"

"ஒண்ணுமில்லைன்னேன்."

சனிக்கிழமை டீச்சரிடம் சொன்னாள். "பக்க எண்ணுங்க டீச்சர்." டீச்சர் சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

"வீட்டுல கம்ப்யூட்டர் இருக்காக்கா?"

"இல்லீங்க."

"புளியங்கொட்டை?"

கோகிலவாணி முழித்தாள். "அது ஒரு டப்பா நெறைய இருக்குதுங்க. பிள்ளைங்க பல்லாங்குழி ஆட."

டீச்சர் மூன்று டம்ளரை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள், பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

"இது ஏ. இது பி. இது சி. ஏ-யில அஞ்சுன்னு எழுதியிருந்தா இதுல அஞ்சு கொட்டை. பிரிண்ட் ஏன்னு இருந்தா, எண்ணிப் பாத்துத் தாள்ல எழுதணும். நீங்கதான் கம்ப்யூட்டர்."

"நானுங்களா?"

"எழுதியிருக்கறத மட்டும் செய்யணும். புரியலன்னா நின்னுடணும். மூளைய மாடிப்படியில விட்டுட்டு வாங்க."

"அது வர்றப்பவே விட்டாச்சுங்க."

அன்றைக்குத்தான் டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தைரியம் வந்து கோகிலவாணி கேட்டாள்.

"உங்க போன் நம்பர் குடுங்க டீச்சர். சந்தேகம் வந்தா..."

"குடுத்தா நீங்க போன் பண்ணுவீங்க."

"அதுக்குத்தானுங்களே நம்பரு."

"அதனாலதான் குடுக்கல."

அதிலிருந்து அங்கன்வாடி விட்டு வந்ததும் கோகிலவாணி கம்ப்யூட்டர் ஆகிவிடுவாள். சமையல்கட்டுத் தரையில் மூன்று டம்ளர், ஒரு முறம் புளியங்கொட்டை, ஜெராக்ஸ் தாள். ஒரு வரி, ஒரு வேலை. ஒரு வரி, ஒரு வேலை. பேச்சுத் துணைக்குக் கொட்டை விழும் சத்தம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து வரிப் புரோகிராம் ஒன்றை எடுத்தாள். ஏ-யில் ஒன்று. ஏ ஐந்தைத் தாண்டாதவரை, ஏ-யில் இருப்பதை எழுது, திரும்பப் போ.

எழுதினாள். ஒன்று.

திரும்பப் போனாள். ஏ-யில் இருந்தது ஒரு கொட்டை. ஐந்தைத் தாண்டவில்லை. எழுதினாள். ஒன்று.

ஒரு பக்கம் நிறைந்தது. இரண்டு பக்கம். தர்ஷிகா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு ஒண்ணு மட்டுந்தான் தெரியுமா?"

"கம்ப்யூட்டர்கிட்டப் பேசாத சாமி."

நாலாவது பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அடுப்பில் சோறு தீய்ந்தது.

சனிக்கிழமை அந்த நாலு பக்கத்தையும் டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நாலிலும் ஒன்று, ஒன்று, ஒன்று.

"எப்ப நிறுத்துனீங்க?"

"சோறு தீஞ்ச வாசம் வந்தப்பங்க. அப்புறம் தாளைப் பாத்தேன். ஏ-யில ஒண்ணக் கூட்டுன்னு ஒரு வரி அடியில இருந்திருக்கோணும். ஜெராக்ஸ்காரன் வெட்டிப்போட்டான்."

"கம்ப்யூட்டருக்கு மூக்கு கெடையாதேக்கா."

"கெடையாதுங்க."

"அப்ப நிறுத்தினது யாரு?"

பதிலுக்கு டீச்சர் காத்திருக்கவில்லை. போர்வையின் ஒரு முனையை நீட்டினாள்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை மாடிக்கதவு பூட்டியிருந்தது.

கம்பியில் துணி இல்லை. பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. கீழ்வீட்டம்மா வாசலுக்கு வந்தார்.

"அந்தப் புள்ள ஊருக்கே போயிருச்சு கண்ணு. அங்கயே வேலை கெடைச்சிருச்சாமா. வியாழக்கிழமை சாமான ஏத்துச்சு."

"எனக்கு ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?"

"ஒண்ணும் சொல்லல. இதக் குடுக்கச் சொல்லுச்சு."

நாலாக மடித்த தாள். ஒரு பக்கம் டீச்சர் கையெழுத்தில் பத்துச் சுற்றுப் போகும் ஒரு புரோகிராம். மறுபக்கம் ஒரே வரி.

விடை வந்ததும் பேசுங்கக்கா.

கோகிலவாணி அதைப் பஸ்ஸில் பத்துத் தடவை படித்தாள். யாரிடம் பேச? கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டு என்ன பேச்சு? ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் சில்லறை கேட்டது காதில் விழவில்லை.

பரீட்சைக்கு இன்னும் அறுபது நாள்கூட இல்லை.

மறுநாள் தர்ஷிகா விளையாடப் பக்கத்து வீட்டுக்குப் போனதும் தாளை எடுத்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் கை தன்பாட்டுக்கு டம்ளர்களை வரிசையாக வைத்துவிட்டது.

ஏ-யில் ஒன்பது. பி-யில் ஆறு. ஏ-யை எழுது. இரண்டையும் கூட்டி சி-யில் போடு. ஒன்பதைத் தாண்டினால் பத்தை எடுத்துவிடு. பி-யில் இருந்த அளவு ஏ-க்கு, சி-யில் இருந்த அளவு பி-க்கு. திரும்பப் போ.

எழுதினாள். ஒன்பது. ஆறு. ஐந்து. ஒன்று.

மீதியை இங்கே எழுதினால் டீச்சருக்குத் தொந்தரவு.

பத்துச் சுற்றும் முடிந்தது. எண்களை ஒரே வரியில் சேர்த்து எழுதிப் பார்த்தாள். ஒன்பதில் ஆரம்பித்து நீளமாகப் போகிற எண். பேசுங்கக்கா.

அடி கள்ளி.

போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினாள். ஒரு பெண்குரல் வந்தது. டீச்சர் குரல் இல்லை.

"நீங்கள் டயல் செய்த எண் தவறானது. தயவுசெய்து எண்ணைச் சரிபார்க்கவும்."

"சரிங்க" என்றாள் கோகிலவாணி. அது மிஷின் என்பது பிறகுதான் உறைத்தது.

சோறு தீய்ந்தாலும் சொல்லாத மிஷின், தப்பை மட்டும் எத்தனை மரியாதையாகச் சொல்கிறது. அவள் தாளில் இருந்ததை எண்ணினாள். ஒன்பது எண்தான் இருந்தது. சுற்றினது பத்து. எழுதினது ஒன்பது.

ஒரு சுற்றில் ஒன்றும் எழுதவில்லை. எந்தச் சுற்று?

கேட்க ஆளில்லை. கொட்டையை எல்லாம் முறத்தில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒரு வரி, ஒரு வேலை.

எட்டாவது சுற்றில் ஏ டம்ளரைக் கையில் எடுத்தாள்.

காலி.

மூன்றும் ஏழும் பத்தாகி, பத்தும் எடுபட்டு, நகர்ந்து நகர்ந்து வந்த காலி. போன தடவையும் இப்படித்தான் வந்திருக்கும். உள்ளே ஒன்றும் இல்லையே, எதை எழுதுவது என்று தாண்டிப் போயிருப்பாள்.

டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. அப்புறம் பேனாவை எடுத்து, மற்ற எண்களுக்குக் கொடுத்த அதே இடத்தை விட்டு, பூஜ்யம் என்று போட்டாள்.

ஒன்பதாவது சுற்று. பத்தாவது சுற்று.

பத்து எண்ணையும் அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. நாலு தடவை அடித்தது. எடுத்தார்கள்.

"ரெண்டு நாளா போனக் கையிலயே வச்சிருக்கேன்."

"டீச்சர்..."

"எத்தனாவது தடவக்கா?"

"ரெண்டாவதுங்க."

"மொதத் தடவ எங்க விட்டீங்க?"

"எட்டாவது சுத்துலங்க. டம்ளர் காலி. சும்மா இருக்குதேன்னு தாண்டிட்டேன்."

"ம்."

அந்தப் பக்கம் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கோகிலவாணிக்கு நேற்று பஸ்ஸில் வராத அழுகை இப்போது வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. இனி எனக்குச் சொல்லித் தர ஆளு யாருங்க டீச்சர்?"

"அக்கா."

"சொல்லுங்க."

"இந்த நம்பர உங்களுக்கு யாரு சொன்னா?"

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். முறத்தில் புளியங்கொட்டை. தரையில் மூன்று டம்ளர்.

வீட்டில் அவளைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.