நெருக்கத்தில் மட்டும் இருக்கும் கனிமம்

அருமைநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆய்வு நெறியாளர் ஜெரினா பானுவுக்கு முப்பத்தொன்பது. சிஷ்யர் குருவை "மேடம்" என்பார். குரு சிஷ்யரை "சார்" என்பார். முதல் வருடம் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர் இந்த வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. நம் காலுக்குக் கீழே இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் கருவுக்குச் சற்று மேலே, நிலநடுக்க அலைகள் நடையை மாற்றிக்கொள்கின்றன. ஒரு பக்கமாக அதிர்ந்தால் வேகமாகப் போகின்றன, இன்னொரு பக்கமாக அதிர்ந்தால் தயங்குகின்றன. அங்கே பாறை அப்படி என்னதான் ஆகிறது?

ஆறு வருடம் பாடுபட்டார். தூசி அளவு கனிமத்தை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து, காற்றழுத்தத்தைப் போலப் பன்னிரண்டு லட்சம் மடங்கு நெருக்கினார். லேசரால் சூடேற்றினார். அந்த நெருக்கத்தில் கனிமத்தின் அணுக்கள் தங்களை அடுக்கடுக்காகத் திருப்பி நிறுத்திக்கொண்டன. புதிதாக எதுவும் சேரவில்லை, எதுவும் போகவில்லை; நின்ற விதம்தான் மாறியது. அலைகள் ஒரு பக்கம் விரைந்து இன்னொரு பக்கம் தயங்குவதற்கு விடை அந்த அடுக்குதான். எக்ஸ்கதிர்ப் படத்தில் அது தெளிவாக விழுந்தபோது அருமைநாதன் அழுதுவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்மொழித் தேர்வு நடத்த வருகிறவர் எதையும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அழுத்தத்தை எடுத்தால் அந்த அடுக்கு நிற்காது என்று அருமைநாதனும் படித்திருந்தார். ஆனாலும் தன்னுடையது நிற்கும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. வைரங்களை நெருக்கிய திருகாணிகளைத் தளர்த்தினார். வைரங்களுக்கு நடுவே ஒழுங்கே இல்லாத கண்ணாடித் துகள்தான் கிடந்தது.

தேர்வு நாள் காலை எட்டரைக்கு, திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஜெரினாவைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதியிருக்கேன் மேடம். கடைசி அத்தியாயத்தை எடுத்துடறேன். ஒரு கையெழுத்து போடுங்க."

அந்த அத்தியாயம் போனால் ஆய்வேட்டில் முன்னுரையும் நன்றியுரையும்தான் மிஞ்சும். அது இருவருக்கும் தெரியும்.

"ஏன் சார்?"

"எங்கேய்யா உன் கனிமம்னு கேட்பார். கண்ணாடித் தூளைக் காட்டவா? கையில இல்லாத பொருளுக்கு யார் பட்டம் கொடுப்பாங்க?"

"படம் இருக்கே."

"படம் இருக்கு. ஆனா எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு மேடம். நான்தான் ஆசையில எதையோ பாத்துட்டேனோன்னு."

ஜெரினா கடிதத்தை வாங்கவில்லை. "பஸ் வந்துடுச்சு. ஏறுங்க சார்."

"என் வண்டியிலேயே போயிடலாமே. கூட்டம் நெரியுது."

"ஏறுங்க."

ஜெரினா முன்வாசலில் ஏறினார். அருமைநாதன் பின்வாசலில் ஏறினார். தேர்வுக்கென்று வெள்ளைச் சட்டைக்குப் போட்ட இஸ்திரி இரண்டாவது நிறுத்தத்திலேயே போன இடம் தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கும்பல் ஏறியது. ஆளுக்கொரு திசையில் நின்றார்கள். யாருடைய டிபன் கேரியரோ விலாவில் இடித்தது. நடத்துனர் ஓர் அடி நகர முடியாமல் படிக்கட்டருகே மாட்டிக்கொண்டார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"பாதிப் பேர் இந்தப் பக்க சன்னலைப் பாருங்க. பாதிப் பேர் அந்தப் பக்கம். முதுகோட முதுகு நில்லுங்க. ம், திரும்புங்க."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். அருமைநாதனும் திரும்பினார். ஓர் ஆள்கூட இறங்கவில்லை. ஆனால் நடத்துனர் இரண்டு வரிசைக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து முன்வாசல் வரை போய்விட்டார். சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அவர் கை எட்டவில்லை. டிக்கெட் நாலு கை மாறிப் போனது.

பல்கலைக்கழக வாசல் கடைசி நிறுத்தம். ஒரு நிமிடத்தில் பஸ் காலியானது. பின் இருக்கையில் யாரோ மறந்துவிட்ட குடை மட்டும் கிடந்தது.

நடத்துனர் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜெரினா அவரிடம் போனார்.

"அண்ணே, உள்ளே ஆளுங்க எப்படி நின்னாங்க?"

"எப்படின்னா? ரெண்டு வரிசைம்மா. முதுகோட முதுகு. நீளவாக்குல நேரா போயிட்டேன். குறுக்கேதான் ஒரு கை நுழையலை."

"திரும்பிப் பாருங்க. ஒருத்தரும் இல்லையே."

நடத்துனர் திரும்பிப் பார்க்கவில்லை. "எறங்கின பெறகு எப்படிம்மா நிப்பாங்க?" என்று சிரித்துவிட்டு டம்ளரைக் கொடுக்கப் போனார்.

அருமைநாதன் காலி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். மனம் பாதி இறங்கி வந்தது, மீதி பிடிவாதமாக நின்றது. கடிதத்தை மறுபடி எடுத்தார். அது நெரிசலில் கசங்கி நான்காக மடிந்திருந்தது.

"புரியுது மேடம். ஆனா தேர்வாளர் வந்து பாக்கப்போறது இந்தக் காலி பஸ்ஸைத்தானே. ரெண்டு வரிசை நின்னதை அவர் எதை வச்சு நம்புவார்?"

ஜெரினா அவருடைய சட்டையைப் பார்த்தார். முதுகு முழுக்கக் கசங்கல். நடுப் பொத்தான் ஒன்றைக் காணோம்.

"அவர் நம்பறது இருக்கட்டும் சார். நீங்க எதுக்குச் சந்தேகப்படறீங்க? நீங்க உள்ளேதானே நின்னுட்டு வந்தீங்க?"