பேச்சிக்கனியின் வாழையிலைக் கட்டு

பட்டாசு ஆலை முதலாளி ரத்தினசபாபதி எங்கே போனாலும் மாலை முன்னால் போகும், அவர் பின்னால் வருவார். அன்று மேல்நிலைப் பள்ளிகளுக்கான இளம் தொழில்முனைவோர் போட்டிக்கு அவர்தான் நடுவர்.

பதினோராம் வகுப்பு பேச்சிக்கனி மேடையேறி, ஆவியில் சுத்தம் செய்த வாழையிலையைக் காட்டினாள். தீப்புண்ணுக்கு இதைக் கட்டினால் பிரிக்கும்போது தோலோடு வராது என்றாள்.

முதலாளி சிரித்தார். "என் ஆலையில பத்து வருஷமா ஒரு விபத்துகூட இல்ல. இந்த ஊர்ல இதை யாரும்மா வாங்குவா? ஒரே ஒரு வாடிக்கையாளரை இப்பவே மைக்ல பேச வை. இல்லேன்னா இறங்கிப் போ."

"ஒருத்தர் போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு, அவள் பின்வரிசையைப் பார்த்துக் கையசைத்தாள்.

ஏழு பெண்கள் எழுந்து வந்தார்கள். எல்லாருக்கும் முழங்கைவரை இலைக்கட்டு. முதல் பெண்ணால் மைக்கைப் பிடிக்க முடியவில்லை, பேச்சிக்கனி பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆலைதான் மொதலாளி, ஒன்பதாம் நம்பர் ரூம். போன மாசம் வெடிச்சது. வெளிய சொன்னா வேலை போயிடும்னாங்க. கையே போயிடுச்சு, இனி எந்த வேலை போக?"

"அடுத்தவங்க வாங்க," என்றாள் பேச்சிக்கனி.

"போதும்!" முதலாளி பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "முதல் பரிசு இந்தப் பொண்ணுக்குத்தான்!" கோப்பையை அவள் கையில் திணித்து, எல்லா மேடையிலும் சொல்வதையே சொன்னார்: "உன் தொழில் மேன்மேலும் வளரட்டும்!"

"அப்படி வாழ்த்தாதீங்க சார்," என்றாள் பேச்சிக்கனி. "எங்கம்மா இன்னும் அங்கதான் வேலைக்குப் போறாங்க."