மேலே முட்டி நின்ற கோடு

"மேடம், ஒரே ரூம்ல நானும் தாசையாவும் இருக்க முடியாது. ஒண்ணு அவன், இல்லன்னா நான்."

கோமதியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே நின்ற சிவநேசன் அவருடைய ஆராய்ச்சி மாணவர்தான். ஆனால் வயதில் மூத்தவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர்.

"என்ன செஞ்சாரு?"

"என் சர்க்யூட்டைக் கெடுக்கான்."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா மேடம்? காலையில நல்லா ஓடுது. சாப்பிட்டு வந்து பாத்தா செத்துக் கிடக்கு. அந்த நேரம் ரூம்ல இருக்கது அவன் ஒருத்தன்தான்."

கோமதியம்மாள் கண்ணாடியைத் துடைத்தார். சிவநேசனுக்கு அது போதவில்லை.

"அன்னைக்குக் கெப்பாசிட்டர் மதிப்பு என்னன்னு கேட்டான். எதுக்குக் கேக்கணும்? போன வாரம் என்னைப் பாத்துச் சிரிச்சான். எனக்கு மட்டும் சீனி இல்லாம டீ வாங்கிட்டு வாரான். ஏன் இவ்வளவு அக்கறை?"

டீயில்கூடக் குற்றம் கண்டுபிடிக்க ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் தாராளமாகவே இருந்தது.

"சாயங்காலம் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுது. அவன் இங்க இருக்கலாமா வேண்டாமான்னு உங்களைத்தான் கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவனை அனுப்பிருவாங்க."

"வாங்க, பாப்போம்" என்று எழுந்தார் கோமதியம்மாள்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆராய்ச்சி மாணவன் தாசையா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். "தாசையா, கேண்டீன்ல மூணு டீ வாங்கிட்டு வாங்க" என்றார் மேடம். அவன் போனதும் சிவநேசன் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேசைமேல் அவருடைய சர்க்யூட் இருந்தது. ஒளி சென்சார் தருகிற துளி மின்னோட்டத்தைப் பெரிதாக்கும் ஆம்பிளிஃபையர். முதல் கட்டத்தில் ஒரு கெப்பாசிட்டர் வருவதையெல்லாம் சேர்த்து வைக்கும். சேர்ந்ததில் எது மாறியது என்று மட்டும் அடுத்த கட்டம் பிரித்தெடுக்கும். மெதுவான சிக்னலும் அதிவேகச் சிக்னலும் ஒன்றாகக் கிடைக்க அதுதான் வழி. நல்ல யோசனை, அவருடையதேதான்.

சர்க்யூட்டோடு இணைத்திருந்த ஆசிலோஸ்கோப் திரையில் முதல் கட்டத்தின் சிக்னல் கோடு உச்சியில் ஒட்டிக் கிடந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சிவநேசன்.

கோமதியம்மாள் சென்சாரின் ஒயரைக் கழற்றினார். ஸ்க்ரூடிரைவர் முனையால் கெப்பாசிட்டரின் இரு கால்களையும் ஒருகணம் சேர்த்துத் தொட்டார். கோடு நடுவுக்கு இறங்கியது. சர்க்யூட்டின் உலோகப் பெட்டியை மூடினார்.

சிவநேசனுக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. மேடமும் அவன் பக்கமோ? பெட்டியின் திருகுகளைத் தானே இன்னொரு முறை இறுக்கினார்.

"திருப்தியா? உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை.

கோடு ஏறத் தொடங்கியது.

முதலில் தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தார் சிவநேசன். பிறகு திரைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். கோடு நிதானமாக ஏறிக்கொண்டே போனது.

"வெளிச்சமா?" என்றார் மேடம்.

"சென்சாரே கழத்தியாச்சே."

"தாசையாவா?"

அவர் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கோடு உச்சியில் முட்டி நின்றது. மேடம் பெட்டியைத் திறந்து சென்சாரை மாட்டினார். டார்ச்சை அதன்மேல் அடித்து அணைத்தார். மறுபடி அடித்தார்.

கோடு அசையவில்லை.

"வெளிச்சம் விழுதே. ஏன் தெரியலை?"

"மேல முட்டி நிக்கி மேடம். இனி என்ன வந்தாலும் அதுக்குத் தெரியாது."

"அப்ப இவ்வளவு நேரம் எதைச் சேத்துச்சு?"

"ஆம்பிளிஃபையர் ஐசியோட சொந்தக் கசிவு மின்னோட்டம். ஒண்ணுமே இல்லாத அளவுதான்..." பாலிடெக்னிக் வாத்தியார் குரல் தானாக வந்தது, பாதியில் நின்றது. காலை முழுக்க அவர் பவரை அணைத்து எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் கெப்பாசிட்டர் காலியாகிவிடும். சாப்பிடப் போகும்போது மட்டும்தான் ஓடவிட்டுப் போவார்.

"கெப்பாசிட்டருக்குப் பக்கத்துல ஒரு ரெசிஸ்டர் இருந்துச்சே. சேந்தது கொஞ்சம் கொஞ்சமா வடியதுக்கு."

"நான்தான் கழட்டினேன்."

"ஏன்?"

"அதுல இரைச்சல் வருது. எனக்குச் சிக்னல் சுத்தமா வேணும்னு..."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சாவி சிவநேசன் பையில் இருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"கமிட்டிக்கு நேரமாச்சு. தாசையாவைப் பத்தி என்ன சொல்லட்டும்?" என்றார் கோமதியம்மாள்.

"நான் சொன்னதை மட்டும் சொல்லிராதீங்க மேடம்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். மூன்று கிளாஸ்களை இரண்டு கைகளில் இடுக்கிக்கொண்டு தாசையா நின்றான்.

"எதுக்கு அண்ணாச்சி பூட்டினீங்க? இந்தாங்க, இது உங்களுக்கு. சீனி போடலை."

சிவநேசன் வாங்கிக்கொண்டார். மேடம் தன் டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கமிட்டிக்குப் போனார்.

சிவநேசன் இழுப்பறையைக் கிளறி அந்த ரெசிஸ்டரைத் தேடி எடுத்தார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். தாசையா எட்டிப் பார்த்தான்.

"அதைப் போட்டா இரைச்சல் வருமே அண்ணாச்சி?"

"வரட்டும்ல. நீ அந்தக் காலைப் பிடி."