வடிகால் அறையில் ஒளிந்த வண்டு

குளக்கரை மருதமரத்தின் கீழே கட்டெறும்புகளின் புற்று ஒன்று இருந்தது. மழைநீரை வெளியேற்றும் அதன் வடிகால் அறைச் சுவருக்குள் ஒரு வண்டு நுழைந்து, முட்டைகளைத் திருடித் தின்று கொழுத்தது.

காவல் எறும்புகள் யாரையும் வாசனையால்தான் அடையாளம் காணும். அந்த வண்டோ எறும்பு வாசனையை உடம்பெல்லாம் பூசிக்கொண்டிருந்தது. அதனால் அவை முகர்ந்து பார்த்து வழிவிட்டன. ஒருநாள் சுவர் புடைத்தது. வேலைக்கார எறும்புகள் சுரண்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பு ஓடு! உடனே காவல் எறும்புகளை அழைத்தன. அவை மறுபடியும் முகர்ந்தன. "நம்ம ஆளை நாமே எப்படிக் கடிக்கிறது?" என்று திரும்பிவிட்டன.

ராணி எறும்பு இந்த நோய்க்கு வெளியே வைத்தியம் தேடினாள். அறையையே தோண்டி எடுத்துவிடுவதாகக் காட்டுப்பன்றி சொன்னது. அப்படிச் செய்தால் வண்டு ஒழிவது நிச்சயம். ஆனால் புற்றுக்கு இருந்த இன்னொரு வடிகாலை வேர்கள் ஏற்கெனவே அடைத்துவிட்டன. இதுவும் போனால் முதல் மழையிலேயே முட்டைகள் மூழ்கிவிடும்.

கொண்டலாத்திப் பறவை தன் நீண்ட அலகைக் காட்டியது. "ஒரே குத்து. அறை தப்பிக்கும். ஆனால் செத்ததை என் அலகு போடுகிற சின்ன ஓட்டை வழியாக வெளியே இழுக்க முடியாது. உடைசல் உள்ளேதான் கிடக்கும்."

"குப்பையை வீட்டுக்குள்ளேயே விட்டுப் போகிறவனுக்கு வைத்தியன் என்று பேரா?" என்று பன்றி சிரித்தது.

ராணி முட்டைகளை நினைத்துக் கொண்டலாத்திக்குத் தலையசைத்தாள். மெல்லிய அலகு மண்ணுக்குள் இறங்கியது. ஓடு பிளந்து வண்டு செத்தது.

செத்ததை உடனே வெளியே தூக்கிப் போடுவது எறும்புகளின் வழக்கம். துப்புரவு எறும்புகள் ஓடிவந்தன. காவல்தலைவி காத்தாயி அவற்றின் குறுக்கே நின்றாள். ஓட்டுக்குள்ளிருந்து கசிந்ததை உணர்கொம்பால் தொட்டுப் பார்த்தாள். மேலே பூசியிருந்தது எறும்பு வாசனை. உள்ளே இருந்ததோ புளித்த வாடை.

"இதை யாரும் அள்ளக் கூடாது. காவலுக்கு நிற்கிற எல்லோரும் வந்து முகருங்கள். இத்தனை நாளும் நாம் வழிவிட்டது இதற்குத்தான்."

"குமட்டுதுக்கா," என்றது ஓர் எறும்பு.

"குமட்டட்டும். அப்போதான் மறக்காது."

வரிசை முடிகிறவரை அவள் அங்கிருந்து நகரவில்லை. அதன் பிறகே துப்புரவுக்கு வழிவிட்டாள்.

மழை வந்தது. வடிகால் ஒழுங்காக ஓடியது. அந்த ஈரத்தில் அதே இனத்து வண்டு இன்னொன்று முட்டை அறைப் பக்கம் ஊர்ந்து வந்தது. அதன் மேலும் எறும்பு வாசனை கமகமத்தது. வாசலில் நின்ற எறும்பு வழக்கம்போல் முகர்ந்தது, விலகப் போனது, சட்டென்று நின்றது. வண்டின் கால் இடுக்கில், பூச்சு மெலிந்த இடத்தில், அந்தப் புளித்த வாடை!

அந்த எறும்பு கொடுத்த ஒரு சைகையில் காவல் முழுவதும் திரண்டு வண்டின் மேல் பாய்ந்தது. கொண்டலாத்தியை அழைக்க யாரும் போகவில்லை. வண்டு ஒரு முட்டையைக்கூடத் தொடவில்லை.

உடம்பானாலும் ஊரானாலும், சிறு காயத்தோடு பகையை வீழ்த்தி, அதன் உண்மையான அடையாளத்தைச் சொந்தக் காவலுக்கே காட்டித் தருவதுதான் சிறந்த வைத்தியம்.