தூக்கணாங்குருவி கோரையனின் வயிற்றெரிச்சல்

ஒரு குளம். குளத்தின் மேல் சாய்ந்தாற்போல ஒரு பனைமரம். அந்தப் பனையில் நாற்பது தூக்கணாங்குருவிக் குடும்பங்கள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

அந்த நாற்பது வீட்டில் ஒரு வீட்டில் ஒருவனுக்கு எந்நேரமும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவன் பெயர் கோரையன். தின்றது செரிக்காமல் எரியவில்லை. கூடப் பிறந்தவளைப் பார்த்து எரிந்தது.

கூடப் பிறந்தவள் பெயர் நாணல். கோரையனைவிட அரை நாள் மூத்தவள்.

முட்டை பொரிந்த அன்று ஊரே எட்டிப் பார்த்தது. "ரெண்டும் ஆண் குஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போனது. தூக்கணாங்குருவிகளில் ஆண் கூடு முடைவான். பெண் வந்து இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் குடி வருவாள், பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருப்பாள். அதனால் பறக்கப் பழகியதுமே ஆண் குஞ்சுகளை வரிசையாக உட்கார வைத்து, நெல் தாளில் முடிச்சுப் போடப் பழக்கினார்கள். மூன்றாம் நாள் நாணல் தாளைக் கீழே போட்டுவிட்டு அப்பாவிடம் பறந்து வந்தாள்.

"அப்பா, நான் பொண்ணு. எனக்குக் கூடு முடைய வேண்டாம். கூடு பார்க்கணும்."

அப்பா சோளப்பன் அப்போது தலைகீழாகத் தொங்கி ஒரு நாரை இழுத்துக்கொண்டிருந்தார். தொங்கியபடியே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரிம்மா. அப்ப உன்னை என்னன்னு கூப்பிடணும்?"

"நாணல். காத்துல ஆடும். சத்தம் போடாது."

அம்மா அருகாயி வாயில் இருந்த வெட்டுக்கிளியைக் கீழே வைத்தாள். "நல்ல பேரு" என்று சொன்னாள். வெட்டுக்கிளியை நாணலுக்கே கொடுத்தாள்.

வீட்டில் பேச்சு அதோடு முடிந்துபோனது. கோரையனுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் நாணலுக்கு வேண்டியவை நிறைய இருந்தன. வெட்டுக்கிளியின் சொரசொரக் கால் நாக்கில் பட்டால் அவளுக்கு ஆகாது. அம்மா ஆறு காலையும் பிய்த்துவிட்டுத்தான் ஊட்டுவாள். கோரையனுக்குக் காலோடுதான் வரும். எல்லாரும் சேர்ந்து கத்தினால் நாணலுக்குக் காது வலிக்கும். இறக்கைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவாள். அப்போது அப்பா போட்ட வேலையைப் போட்டபடி ஓடி வந்து பக்கத்தில் உட்காருவார். எல்லார் கூட்டிலும் களிமண் உருண்டையில் மின்மினி பதித்திருக்கும். இவர்கள் கூட்டில் கிடையாது. மின்மினி விட்டு விட்டு எரிவது நாணலின் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது.

"நாற்பது வீட்டுல முப்பத்தொன்பது வீடு பளபளன்னு இருக்கு. நம்ம வீடு மட்டும் சாவு வீடு மாதிரி இருக்கு" என்று கோரையன் முணுமுணுப்பான்.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். மஞ்சளைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

பருவம் வந்ததும் ஆண் குருவிகளுக்கு உச்சந்தலையில் மஞ்சள் இறகு முளைக்கும். அந்த வருஷம் இருவருக்கும் முளைத்தது. நாணல் குளத்துத் தண்ணீரில் தன் தலையைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அம்மா கரையிலிருந்து ஈரக் களிமண் கொண்டுவந்து நாணலின் மஞ்சளை மறைத்துப் பூசினாள். அதன்பின் தினமும் பூசினாள். காய்ந்து உதிர்ந்தால் மறுபடி பூசினாள். அம்மாவுக்கு முடியாத நாளில் அப்பா பூசினார்.

கோரையனின் தலையும் அதே நாளில் பொன்னாகத்தான் மின்னியது. அவன் அம்மா முன்னால் குனிந்தான். அப்பா முன்னால் நிமிர்ந்தான். வெயில் படுகிற மாதிரி பக்கவாட்டில் திரும்பிக்கூட நின்றான்.

"கொஞ்சம் நகருடா, மண்ணு காய்ஞ்சிடும்" என்றாள் அம்மா.

'அவ மஞ்சளை மறைக்க வீட்டுல ரெண்டு பேரு. என் மஞ்சளைப் பார்க்க ஒருத்தர் இல்லை' என்று அவன் மனசுக்குள் பொருமினான். அன்றிலிருந்து நாணலை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். "ஏய்" என்றுதான் கூப்பிட்டான்.

குளக்கரையில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தார்கள். ஒருத்தி தொடங்குகிற வாக்கியத்தை ஏழாமவள்தான் முடிப்பாள்.

"ஏந்தம்பி கோரையா, இந்த வருஷம் முதல் கூடு கட்டுறியாமே?"

"கூடு பார்க்கிற அன்னிக்கு மகன் கூட்டுக்கு மேல அப்பன்தானே நிக்கணும்?"

"அதுதானே இந்தப் பனையில வழக்கம்?"

"ஆனா உங்கப்பா அன்னிக்கு நாணல்கூடப் போறாராமே?"

"அவளும் பொண்ணுங்களோட முதல் தடவை கூடு பார்க்கப் போறாளாம்ல?"

"கூட்டத்துல சத்தமா இருக்கும்னு துணைக்காம்."

"பாவம், நீ யாரைக் கூட்டிட்டு நிக்கப்போற? ஆந்தையையா?"

கோரையன் நேராக அப்பாவிடம் போனான். அது உண்மைதான்.

"அம்மா உன்கூட நிப்பா, கோரை. நாணலுக்கு நான் பக்கத்துல இருந்தாத்தான் தாங்கும்" என்றார் அப்பா.

"ம்" என்றான் கோரையன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கூடு பாதி ஆனது. கவிழ்த்த தலைப்பாகை மாதிரி ஒரு கூரை. நடுவில் ஊஞ்சல்போல ஒரு குறுக்குக் கயிறு. பெண்கள் வந்து அந்தக் கயிற்றில் உட்கார்ந்து, ஆடி, நாரை இழுத்துப் பார்ப்பார்கள். கோரையன் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று, பனையின் மேற்குப் பக்கத்தில், வெட்டவெளிப் பார்வைக்குக் கட்டியிருந்தான்.

நாணல் ஒருநாள் அதன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கோரையனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கூட்டைப் பார்த்தாள். அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு முடிச்சாக, வாய்க்குள் எண்ணியபடி பார்த்தாள்.

"அடியிலேர்ந்து நாற்பத்திரண்டாவது முடிச்சு, குறுக்குக் கயித்துக்குக் கொஞ்சம் கீழே, இளகியிருக்கு. எல்லா நாரும் அதுலதான் பிடிச்சிருக்கு. மழைக்காத்து மேற்கே இருந்து வரும். கூடு விழுந்துடும்."

பக்கத்துக் கூட்டு இளவட்டங்கள் சிரித்தார்கள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றான் கோரையன்.

"யாரும் கேக்கல. நான் பார்த்தேன்."

"போடி வேலையைப் பார்த்துக்கிட்டு."

"இதுதான் என் வேலை" என்றாள் நாணல். அவள் குத்திப் பேசவில்லை. இருப்பதைச் சொன்னாள். ஆனால் கோரையனுக்கு அது நெருப்பில் எண்ணெயாக விழுந்தது. கேட்ட கையோடு அந்த முடிச்சை இறுக்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் சொன்னாள் என்பதற்காகவே அவன் அதைத் தொடவில்லை.

கோரையனிடம் ஒரு வித்தை உண்டு. அவன் எல்லாக் குரலிலும் பேசுவான். மீன்கொத்தி மாதிரி சிரிப்பான். தவிட்டுக்குருவி மாதிரி பேசித் தவிட்டுக்குருவிகளுக்குள்ளேயே சண்டை மூட்டுவான். தவளை மாதிரி கத்தி, ஒரு கிழட்டுக் கொக்கை அரைநாள் காத்திருக்க வைத்திருக்கிறான்.

'கூடு பார்க்கிற அன்னிக்கு வல்லூறு மாதிரி கத்துனா போதும். நாற்பது வீடும் அலறும். அவளால தாங்க முடியாது, ஓடிடுவா. இவளுக்குக் கூடு பார்க்கத் தெரியாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்பா என் கூட்டுக்கு வந்துடுவாரு.'

அந்த நாள் வந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. பெண்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மூத்தவள் கம்பரசி. அவளுக்குப் பிடித்த கூட்டில்தான் மற்றவர்கள் உட்காரவே செய்வார்கள்.

"இதுதான் சோளப்பன் பொண்ணா? வாடிம்மா. உனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு" என்றாள் கம்பரசி.

நாணல் முதல் கூட்டில் உட்கார்ந்தாள். ஆடினாள். "நல்லாருக்கு. ஆனா களிமண் பத்தலை. காத்துல ரொம்ப ஆடும்."

இரண்டாவது கூடு. "இது உறுதி. ஆனா ரெண்டு நாரு பழசு. அடுத்தவங்க கூட்டுலேர்ந்து உருவினது."

கட்டியவன் வெட்கத்தில் ஓலைக்குள் ஒளிந்தான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இத்தனை நாளா எங்கேடி இருந்தே நீ?" என்றாள் கம்பரசி.

அப்பா மேல் மட்டையில் நின்றிருந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மேற்குப் பக்கத்தில் தன் குறுக்குக் கயிற்றில் தொங்கியபடி கோரையன் அந்த நெஞ்சைப் பார்த்தான். தலைக்கு மேல் நின்ற அம்மாவைப் பார்த்தான். அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோரையன் கழுத்தை நீட்டினான்.

"கீ... கீ... கீக்!"

பனைமரமே வெடித்த மாதிரி இருந்தது. நாற்பது வீடும் ஒரே நேரத்தில் அலறியது. கம்பரசி ஒரு பக்கம் பறந்தாள். தவிட்டுக்குருவிகள் புதருக்குள் பாய்ந்தார்கள். நாணல் ஒரு கல் விழுகிற மாதிரி கோரைப் புல்லுக்குள் விழுந்தாள். இறக்கைக்குள் தலையைப் புதைத்து முன்னும் பின்னும் ஆடினாள். அப்பாவும் அம்மாவும் அவள் பின்னாலேயே பாய்ந்து, இரண்டு பக்கமும் இறக்கை விரித்து மூடிக்கொண்டார்கள்.

அப்பா கோரையனிடம் வரவில்லை. அவளிடம்தான் போனார்.

அதை நினைத்து எரிய அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மேற்கேயிருந்து மழைக்காற்றின் முதல் வீச்சு வந்தது. நாற்பத்திரண்டாவது முடிச்சு வழுக்கியது. கூடு ஓலையிலிருந்து கழன்று, கோரையனின் காலைச் சுற்றிக்கொண்டு, குளத்தில் விழுந்தது.

"காப்பாத்துங்க!" என்று அவன் தன் சொந்தக் குரலில் கத்தினான். யாரும் வரவில்லை. வல்லூறுக்குப் பயந்து எல்லாரும் ஒளிந்திருந்தார்கள். கூடு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. அவன் இழுக்க இழுக்க நார் இறுகியது. தண்ணீர் கழுத்துவரை வந்தது.

புல்லுக்குள் நாணல் கண்ணைத் திறக்கவில்லை. ஆடுவதும் நிற்கவில்லை. அவளுக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"வல்லூறு... இல்லை. வல்லூறு மூணாவது தடவை குரலை இறக்கும். இது ஏறிச்சு. கோரை. மேற்கு. அவன் கூடு."

அப்பா பறந்தார். குளத்தில் மிதக்கும் நார்க்கட்டும் அதில் ஒரு மஞ்சள் தலையும் தெரிந்தன. கூட்டின் மேல் இறங்கி ஒரு நாரைக் கொத்தினார். சுருக்கு இன்னும் இறுகியது. இன்னொன்றைக் கொத்தினார். கோரையனின் அலகுவரை தண்ணீர் வந்துவிட்டது.

"நாணல்! எந்த நாரும்மா?"

"குறுக்குக் கயித்துலேர்ந்து கீழே. மூணு தாண்டுங்க. நாலாவது. தடிச்ச நாரு. அதுதான் நாற்பத்திரண்டு." கண்ணை மூடியபடியே, ஆடியபடியே கத்தினாள். அந்தக் கூடு முழுக்க அவள் தலைக்குள் இருந்தது.

அப்பா நாலாவது நாரைக் கொத்தினார். கூடு மொத்தமும் அவிழ்ந்து தண்ணீரில் பரவியது. கோரையனின் கால் விடுபட்டது.

கரையில் அவனை இழுத்துப் போட்டபோது மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் புல்லுக்குள் ஒடுங்கினார்கள். நாணல்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நீ கத்தினது எனக்கு வலிச்சது. இன்னும் வலிக்குது."

கோரையன் தலையைத் தொங்கப் போட்டான்.

"ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றார் அப்பா.

"எனக்கு மஞ்சள் முளைச்சதை இந்த வீட்டுல யாருமே பார்க்கலை" என்றான் கோரையன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று தோன்றியது. அது சின்ன விஷயமாகவும் இல்லை.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"பார்க்கலைதான்" என்றார் அப்பா. "அது எங்க தப்பு. நீ கத்தினது உன் தப்பு. ரெண்டும் தனித்தனி."

நாணல் ஆடுவதை நிறுத்தியிருந்தாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் உச்சந்தலையைப் பார்த்தாள்.

"நூத்திப் பதினொன்னு" என்றாள்.

"என்னது?"

"மஞ்சள் இறகு. முதல் நாள் ஏழுதான் இருந்தது. முந்தாநாள் நூத்தி எட்டு. நேத்து நூத்திப் பத்து. இப்ப நூத்திப் பதினொன்னு. நான் தினமும் எண்ணுறேன். எனக்கு என் தலையில பிடிக்கலை. உன் தலையில நல்லாருக்கு."

எத்தனை குரலில் பேசத் தெரிந்தவன் கோரையன். அப்போது ஒரு குரலும் வரவில்லை. மழையில் நாணலின் தலையிலிருந்த களிமண் கரைந்து, மஞ்சள் எட்டிப் பார்த்தது. அவன் எழுந்து கரைக்குப் போனான். அலகு நிறைய ஈர மண்ணோடு திரும்பி வந்தான்.

"குனி, அக்கா" என்றான்.

மழை விட்டதும் பனையின் நடு மட்டையில் நின்று, கத்தியது தான்தான் என்று நாற்பது வீட்டுக்கும் சொன்னான். கம்பரசி அவனை வைத வசை மூன்று மட்டைக்குக் கேட்டது. தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் அதை ஒரு வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள்.

அடுத்த கூட்டை அவன் கிழக்குப் பக்கத்தில் கட்டினான். களிமண் வைத்தான், மின்மினி பதிக்கவில்லை. பெண்கள் வந்த அன்று மேல் மட்டையில் அப்பா நின்றார். கோரையன் கேட்டிருந்தான், அதனால் நின்றார். நாணலின் பக்கத்தில் அம்மா பறந்து வந்தாள். தம்பி கூடு என்று நாணல் சலுகை காட்டவில்லை. எல்லா முடிச்சையும் இழுத்தாள். ஒன்று இளகியிருந்தது. "பதினேழு" என்றாள். அவன் இறுக்கினான்.

"இப்ப விழாது" என்றாள் நாணல். கம்பரசி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தாள்.

ஒரு வீட்டில் ஒருவருக்குத் தேவையானதைக் கொடுப்பதால் மற்றவரின் பங்கு குறைந்துவிடாது; குறைந்ததாகத் தோன்றினால், பொறாமையில் வேகாமல் வாய் திறந்து கேட்பதே நல்லது.